ஜனாதிபதியே சொல்லிட்டாரு, பெறகு யாரு தடுக்குறது?

2024 ஜூலை மாசம் ஒரு சாயங்காலம், இலங்கை மலையகத்துல எங்க தேயிலைத் தோட்டம், மழை பேஞ்சு லயத்து (தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு) வாசல் பூரா சேறு, நான் டவுன்லருந்து பஸ் எறங்கி வர்றேன், பக்கத்து காம்பராக்கார அக்கா கொழுந்து எடுக்கையில இடுப்புல கட்டுற படங்கக் கூட அவுக்காம நின்னுகிட்டே கேட்டாங்க. "தம்பி, மே தினத்தன்னைக்கு ஜனாதிபதியே கொட்டகலைக்கு வந்து நம்ம நாள் சம்பளம் ஆயிரத்தெழுநூறு ரூவான்னு சொல்லிட்டுப் போனாரு. இப்ப கோர்ட்டு தடுத்திருச்சாமே. ஜனாதிபதிய விட பெரிய ஆளு யாருடா அங்க?"

நான் "கோர்ட்டு வேறக்கா"ன்னு ஏதோ சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். ஆனா கேள்வி உறுத்திகிட்டே இருந்துச்சு. அந்த வாரம் பேஸ்புக்குல பாத்தா எல்லாருமே இதேதான், ஒருத்தர் ஜனாதிபதி நாடகம் போட்டாருங்குறாரு, இன்னொருத்தர் நம்ம எம்பிமார் தூங்குறாங்கங்குறாரு, இன்னொருத்தர் கோர்ட்டும் கம்பனியும் ஒண்ணுங்குறாரு. யாரையும் திட்டலாம், திட்ட வேண்டியதுதான், ஆனா எந்த வேலை யாரு கையில இருக்குன்னு தெரியாம திட்டுனா தப்பான வீட்டு கதவ தட்டுன மாதிரி ஆயிரும். நம்ம பழக்கத்துல கிராம சேவகர், பொலிஸ், எம்பி, ஜட்ஜ் எல்லாமே 'கவர்மெண்ட்'தான். அந்த ஒரு சொல்லுக்குள்ள மூணு தனித்தனி கை இருக்கு. அத பிரிச்சுப் பாக்கத்தான் இந்தக் கட்டுரை.

கொழுந்து நிறுக்கிற எடத்துலருந்து ஆரம்பிப்போம்

சட்டம், யாப்பு (நாட்டோட அரசியலமைப்பு) எல்லாம் பெறகு. முதல்ல மடுவத்துக்கு வாங்க.

ஒரு நாளைக்கு எத்தன கிலோ எடுத்தா முழுப்பேரு, அதாவது முழு நாள் சம்பளம்னு முடிவு பண்றது தோட்ட நிர்வாகம். நிறுக்கிறது அவங்க ஆளு. தண்ணிக்கு, சாக்குக்கு, முத்தலுக்குன்னு கழிக்கிறதும் அதே ஆளு. நான் சின்னப் புள்ளையா இருக்கையில எங்கம்மா கூட வரிசைல நின்னிருக்கேன். ஒரு நா தராசு முள்ளு இருபது கிட்ட ஆடிகிட்டு இருக்கு, இன்னும் நிக்கக்கூட இல்ல, அவரு "பதினாறு"ன்னு எழுதிட்டாரு. அன்னைக்கு பேரு பதினெட்டு கிலோவுக்கு. அப்ப அரைப்பேரு. "ஐயா முள்ளு இருபதுல நின்னுச்சுங்க"ன்னு அம்மா சொன்னாங்க. "ஈரக் கொழுந்து, நாலு போகும்"னு சொல்லிட்டு அடுத்த சாக்க தூக்க சொல்லிட்டாரு. யாருகிட்ட போயி மொறையிடுறது? தொரைகிட்ட, அதாவது தோட்ட மேனேஜர்கிட்ட. தொரை யாருகிட்ட விசாரிப்பாரு? நிறுத்தவருகிட்டயேதான்.

இதுல மூணு வேலை ஒட்டிகிட்டு இருக்கு பாருங்க. பதினெட்டு கிலோன்னு விதி போடுறது ஒண்ணு. அந்த விதிப்படி நிறுத்து எழுதுறது ரெண்டாவது. நிறுவையில தகராறு வந்தா யாரு சொல்றது சரின்னு தீர்ப்பு சொல்றது மூணாவது. மூணும் ஒரே பக்கத்து கையில. அவரு நல்ல மனுசனாவே இருக்கட்டும், சில பேரு நல்லாத்தான் நிறுப்பாங்க, ஆனா அவரு மாறிப் போயி வேற ஆளு வந்தா நம்ம கதை அவ்வளவுதான்.

இப்ப இதயே கொஞ்சம் மாத்திப் பாருங்க. எத்தன கிலோன்னு முடிவு பண்றது தொழிலாளிங்க வாக்குப் போட்டு அனுப்புன ஒரு கொமிட்டி. நிறுக்கிறது வேற ஆளு. தகராறு வந்தா சொந்தமா ஒரு தராசோட வர்ற, இவங்க ரெண்டு பேருகிட்டயும் சம்பளம் வாங்காத ஒரு மூணாவது ஆளு. அப்பவும் தப்பு நடக்கலாம். ஆனா நாலு கிலோவ களவெடுக்க ஒருத்தர் நெனச்சா மட்டும் பத்தாது, இன்னும் ரெண்டு பேரு கூட்டு சேரணும்.

மொண்டெஸ்கியூன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 1748ல எழுதுனதும் ஏறக்குறைய இததான். அவருக்கு தேயிலை தெரியாது, ராஜாக்கள தெரியும்.

மூணு கைக்கும் பேரு வைப்போம்

சட்டம் ஆக்குற கைக்கு பேரு சட்டத்துறை. நம்ம நாட்டுல அது பாராளுமன்றம், 225 பேரு, அதுல 196 பேரு மாவட்டங்கள்லருந்து, 29 பேரு தேசியப் பட்டியல்லருந்து. நுவரெலியா மாவட்டத்துலருந்து எட்டு பேரு போறாங்க.

அந்த சட்டத்த வச்சு நாட்ட நடத்துற கை நிறைவேற்றுத்துறை. உச்சியில ஜனாதிபதி, அவரு கூட அமைச்சரவை. ஆனா அதோட நிக்கல, பிரதேச செயலகம், கிராம சேவகர், பொலிஸ், ஆமி, ஆஸ்பத்திரி, தொழில் திணைக்களம் எல்லாமே இந்த ஒரே கையோட வெரலுங்கதான். நம்ம அன்றாடம் மோதுறது முக்கால்வாசி இவங்களோடதான், அதனாலதான் இதுவே முழு அரசாங்கம்னு மனசுல பதிஞ்சிருச்சு.

மூணாவது நீதித்துறை. சட்டத்துக்கு அர்த்தம் சொல்லி தகராற தீர்க்குற கை. கீழ நீதவான் நீதிமன்றத்துலருந்து மேல கொழும்பு புதுக்கடைல இருக்க உயர் நீதிமன்றம் வரைக்கும். (இந்தியா செய்தி பாக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அங்க உயர் நீதிமன்றம்னா மாநில அளவு, மேல உச்ச நீதிமன்றம் இருக்கு. இங்க உயர் நீதிமன்றந்தான் உச்சி. இது தெரியாம நடக்குற சண்டைய நானே பாத்திருக்கேன்.)

மூணும் ஒண்ணா வேலை செய்யறத பாக்கணும்னா ஹட்டன் டவுன்ல யாரையாவது பொலிஸ் புடிக்கிறத நெனச்சுக்கோங்க. எது குத்தம்னு எழுதி வச்சது பாராளுமன்றம். புடிக்கிறது பொலிஸ், அதாவது நிறைவேற்றுத்துறை. ஆனா பொலிஸ் நெனச்ச நாளைக்கு உள்ள வச்சுக்க முடியாது, சாதாரண சட்டப்படி 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவான் முன்னால கொண்டு போயி நிறுத்தணும். பிணையா ரிமாண்டான்னு சொல்றது நீதவான். புடிச்சவரே தண்டனையும் குடுக்க முடியாத மாதிரி வேலைய உடைச்சு வச்சிருக்காங்க.

இப்படி உடைக்கிறதுக்கு நம்ம பள்ளிக்கூட புஸ்தகத்துல இருக்க பேரு வலுவேறாக்கம். ஒரு கை இன்னொரு கைய புடிச்சு நிறுத்துறதுக்கு தடைகளும் சமன்பாடுகளும்னு சொல்லுவாங்க. நியூஸ்ல வர்ற 'அதிகாரப் பகிர்வு' வேற கதை, அது கொழும்புல இருக்க அதிகாரத்த மாகாணத்துக்கு எறக்குறது, 1987ல வந்த 13ஆம் திருத்தம், மாகாண சபை, அந்த வரிசை. ரெண்டையும் போட்டு கொழப்பாதீங்க. அது மேலருந்து கீழ, இது பக்கத்துக்குப் பக்கம்.

இதுவரைக்கும் வந்ததுல மனசுல வச்சுக்க வேண்டியது இவ்வளவுதான்: விதி போடுறது, நடத்துறது, தீர்ப்பு சொல்றது. மூணு வேலை, மூணு கை.

அப்ப ஆயிரத்தெழுநூறுக்கு என்னா நடந்துச்சு

இப்ப அக்கா கேள்விக்கு வரலாம். சம்பளத்த நிர்ணயிக்க ஒரு சட்டம் இருக்கு, சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1941ல போட்டது, வெள்ளக்காரன் காலத்துல. முதலாளி தரப்பு, தொழிலாளி தரப்பு, அரசாங்கம் நியமிக்கிற ஆளுங்கன்னு ஒரு சபை உக்காந்து குறைஞ்ச சம்பளத்த பேசும், முடிவாகி கெசட்டுல, அதாவது அரசாங்க அறிவிப்புப் பத்திரிகைல வந்தா அது எல்லா கம்பனிக்கும் கட்டாயம். விதி சட்டத்துறைலருந்து, அத நடத்துறது தொழில் அமைச்சு, அதாவது நிறைவேற்றுத்துறை.

ஜனாதிபதி மேடைல சொல்றது செய்தி. அது சட்டமாகணும்னா இந்த 1941 சட்டம் போட்டுக் குடுத்த பாதை வழியா நடந்து போகணும். கெசட் வந்துச்சு, கம்பனிகள் அந்த கெசட் சட்டப்படி இல்லைன்னு கோர்ட்டுக்குப் போனாங்க, 2024 ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுச்சு. இடைக்காலத் தடைன்னா வழக்கு முடியிற வரைக்கும் நிறுத்தி வைன்னு அர்த்தம், 1700 அநியாயம்னு கோர்ட்டு சொல்லல. ஒரு மனுசனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு பத்தும்னு கோர்ட்டு கணக்குப் போடுறதில்ல. இந்த சட்டம் உனக்கு குடுத்த பாதைல நீ போனியா, வேலி தாண்டுனியான்னுதான் பாக்கும்.

பெறகு மறுபடி சம்பளச் சபைல பேசி செப்டம்பர்ல 1350ன்னு கெசட் வந்துச்சு. 1700க்கும் 1350க்கும் நடுவுல தொலைஞ்சு போன 350 ரூவாவுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. என்னக் கேட்டா தேர்தல் வருசத்துல அவசரப்பட்டு போட்ட அறிவிப்பு அதுன்னுதான் சொல்லுவேன், பாதைய நிதானமா நடந்திருந்தா கம்பனிக்கு கோர்ட்டுல புடிக்க ஒரு நுனி கெடைச்சிருக்காது. இது என் அபிப்பிராயம், நீங்க ஒத்துக்கணும்னு இல்ல.

2026 பட்ஜெட்டுல வந்தத இதோட ஒப்பிட்டுப் பாருங்க. 1350லருந்து 1550 ஆன கம்பனி சம்பளத்துக்கு மேல வருகைக் கொடுப்பனவா ஒரு நாளைக்கு 200 ரூவா அரசாங்கம் குடுக்கும்னு வச்சாங்க. அந்த 200 திறைசேரி காசு. கம்பனி பையிலருந்து எடுத்து குடுக்க சொல்றதுக்கு கெசட் போதும், நாட்டுப் பணத்த எடுக்குறதுக்கு பாராளுமன்றம் கை தூக்கணும். பொதுப் பணத்து மேல முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்குத்தான்னு யாப்புலயே இருக்கு. ஜனாதிபதி எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் பெட்டிச் சாவி அவருகிட்ட மட்டும் இல்ல.

சுவருல ஒரு கதவு

அமெரிக்காவுல மந்திரியா இருக்கறவரு பாராளுமன்ற உறுப்பினரா இருக்க முடியாது, சுவர் முழுசா. இங்க அப்படியில்ல. ஜனாதிபதிய தனியா வாக்குப் போட்டு எடுக்குறோம், ஆனா அமைச்சர்கள பாராளுமன்றத்துக்குள்ளருந்துதான் எடுக்கணும். அதனால ஒரே ஆளு காலைல சட்டத்துக்கு கை தூக்கிட்டு, மத்தியானம் அமைச்சுல உக்காந்து அதே சட்டத்த நடத்துவாரு. ரெண்டு கைக்கும் நடுவுல பெரிய கதவு ஒண்ணு தொறந்தே இருக்கு. நம்ம ஆளு ஒருத்தர் அமைச்சர் ஆனா சந்தோசப்படுறோம், சந்தோசம்தான், ஆனா அன்னைலருந்து அரசாங்கத்த கேள்வி கேக்குற ஆளு ஒண்ணு கொறைஞ்சிருச்சு.

சரி, கை கைய புடிச்சு நிறுத்துறது உண்மைல நடக்குமா? 2018ல நடந்துச்சு. அக்டோபர் 26 ராத்திரி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரா இருந்த ரணில் விக்கிரமசிங்கவ எடுத்துட்டு மஹிந்த ராஜபக்ஷவ வச்சாரு. பாராளுமன்றத்துல பெரும்பான்மை காட்ட முடியல. நவம்பர் 9 பாராளுமன்றத்தயே கலைச்சு கெசட் அடிச்சுட்டாரு. நாலு நாள்ல உயர் நீதிமன்றம் அத நிறுத்தி வச்சுச்சு. சபை மறுபடி கூடுச்சு, கூடுன எடத்துல மொளகாத்தூள் வீசுனாங்க, நாற்காலி பறந்துச்சு, சபாநாயகர் பொலிஸ் காவலோட உள்ள வந்தாரு, நாங்க தேத்தண்ணிக் கடை ரிவில பாத்துகிட்டு சிரிச்சோம். சிரிச்சதுக்கு அடியில ஒரு பெரிய விசயம் ஓடிகிட்டு இருந்துச்சு. டிசம்பர் 13 ஏழு நீதியரசர்கள் ஒருமனதா சொன்னாங்க, நாலரை வருசம் முடியிறதுக்கு முன்னால பாராளுமன்றமே மூணுல ரெண்டு பங்கு வாக்குல கேட்டாலே ஒழிய ஜனாதிபதியால கலைக்க முடியாது, அந்த கெசட் செல்லாது. மூணு நாள் கழிச்சு ரணில் திரும்ப பிரதமர். (அந்த நாலரை வருசம் இப்ப இரண்டரையா கொறைஞ்சிருக்கு.)

 ஜனாதிபதி தீர்ப்ப கேட்டுகிட்டாரு. எனக்கு பெருசா பட்டது அதுதான்.

இன்னொண்ணு. கைதிகளுக்கு மன்னிப்பு குடுக்குற அதிகாரம் ஜனாதிபதிக்கு இருக்கு. 2021ல மரண தண்டனை வாங்குன முன்னாள் எம்பி ஒருத்தருக்கு அப்படி குடுத்த மன்னிப்ப 2024 ஜனவரில உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லிருச்சு. அதிகாரம் இருக்குங்குறதுக்காக எப்படி வேணும்னாலும் அத பாவிக்க முடியாது.

"மூணு பேரும் ஒண்ணா சேர்ந்துட்டா?"

இதெல்லாம் பெறகு ஒரு நா அக்காகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு அவங்க கேட்டது இது: "சரி தம்பி, மூணு பேரும் ஒண்ணா சேர்ந்துகிட்டா?" எங்கம்மா நிறுவை கதைய அவங்களும் பாத்தவங்கதானே.

சேரலாம். ஒரே கட்சி ஜனாதிபதியையும் வச்சுகிட்டு பாராளுமன்றத்துலயும் மூணுல ரெண்டு எடுத்தா சுவர் காயிதத்துல இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே வீட்டு ஆளுங்க இருப்பாங்க. இப்ப அந்த நிலைதான், 2024 நவம்பர்ல ஆளுங்கட்சிக்கு 159 ஆசனம், யாப்போட பெரும்பாலான பிரிவுகள மாத்த 150 போதும். அவங்க கெட்டவங்கன்னு சொல்ல வரல, நிறுக்கிறவர் கதைல சொன்னதேதான்.

அப்ப மிச்சம் நிக்கிறது கோர்ட்டு. அதுக்கும் நம்ம நாட்டுல கை கொஞ்சம் கட்டித்தான் இருக்கு. யாப்போட 80ஆம் உறுப்புரைப்படி ஒரு சட்டம் நிறைவேறி சபாநாயகர் கையெழுத்தும் வச்சுட்டா, பெறகு அது செல்லாதுன்னு எந்த கோர்ட்டும் சொல்ல முடியாது. சட்டமூலமா இருக்கையிலயே, குறிப்பிட்ட சில நாளுக்குள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகணும், சாதாரண பிரஜை கூட போகலாம், ஆனா அந்த நாள் தவறுனா கதவு சாத்திருச்சு. இந்தியாவுல எப்பவோ போட்ட சட்டத்த இன்னைக்கு கோர்ட்டு தள்ளுபடி பண்றாங்களே, அது இங்க நடக்காது. இன்னொரு விசித்திரம், 4ஆம் உறுப்புரை நீதி அதிகாரத்த 'பாராளுமன்றம், நீதிமன்றங்கள் மூலமா' பாவிக்கும்னு எழுதியிருக்கு. அந்த வரிசைய கவனிங்க.

2012ல திவிநெகும (வாழ்வாதார அபிவிருத்தித் திட்டம்) சட்டமூலத்துல உயர் நீதிமன்றம் மாகாண சபைகள கேக்கணும்னு சொன்ன கொஞ்ச நாள்ல, பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மேல பாராளுமன்றத்துல குற்றப் பிரேரணை, அதாவது பதவிலருந்து நீக்கச் சொல்ற பிரேரணை வந்துச்சு. விசாரிச்ச குழுவோட முடிவு செல்லாதுன்னு மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியும், 2013 ஜனவரி 11 வாக்கெடுத்து, ரெண்டு நாள்ல ஜனாதிபதி அவங்கள நீக்கிட்டாரு. ஆட்சி மாறுன பெறகு 2015ல திரும்ப வந்து ஒரே ஒரு நாள் உக்காந்துட்டு ஓய்வு வாங்கிட்டுப் போனாங்க.

சுருக்கமா, ஒரு கை இன்னொரு கைய நிறுத்த முடியும், ஆனா நிறுத்துற கைக்கு தனியா பலம் இருக்கணும். அதனாலதான் நீதியரசர்கள ஜனாதிபதி தன் இஷ்டத்துக்கு போடாம பத்து பேரு கொண்ட அரசியலமைப்புப் பேரவை ஒப்புக்கணும்னு 2022ல 21ஆம் திருத்தத்துல மறுபடி எழுதுனாங்க.

மலையகத்து ஆளுங்களுக்கு இது பழைய பாடம்

இந்த மூணு கையும் சேர்ந்து நம்ம மேல வேலை செஞ்ச கதை ஒண்ணு இருக்கு, எந்த பாடப் புஸ்தகத்துலயும் வலுவேறாக்கத்துக்கு உதாரணமா அத போட மாட்டாங்க.

1948ல பாராளுமன்றம் பிரஜாவுரிமைச் சட்டத்த போட்டுச்சு, 18ஆம் இலக்கம், அதுல நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க பிரஜை இல்லாம ஆனாங்க. அடுத்த வருசம் தேர்தல் சட்டத்த திருத்தி, பிரஜை இல்லாதவனுக்கு வாக்கு இல்லன்னு ஆக்குனாங்க. 1947ல வாக்குப் போட்டு நம்ம ஆளுங்கள அனுப்புன தோட்டங்கள், 1952 தேர்தல்ல வெளிய நின்னு வேடிக்கை பாத்துச்சு.

ஆனா அப்ப இருந்த சோல்பரி யாப்புல 29ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. மத்த சமூகத்துக்கு இல்லாத இடைஞ்சல ஒரு சமூகத்துக்கு மட்டும் குடுக்குற சட்டம் செல்லாது, பாராளுமன்றமே போட்டாலும் செல்லாது. அதாவது இன்னைக்கு இல்லாத அந்த சாவி அன்னைக்கு கோர்ட்டு கையில இருந்துச்சு.

கேகாலைப் பக்கம் கோடகன் பிள்ளைன்னு ஒருத்தரு வாக்காளர் இடாப்புல தன் பேர போட சொல்லி போராடுனாரு. இடாப்ப திருத்தி பாக்குற அதிகாரி ஒருத்தர் அவரு பக்கம் முடிவு சொன்னாரு, இந்த சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரண்னு. உயர் நீதிமன்றம் அத 1951ல தள்ளிருச்சு. அப்ப நமக்கு கடைசி மேன்முறையீட்டு கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனாங்க. 1953ல அங்கயும் அதே பதில், யாரு பிரஜைன்னு முடிவு பண்றது ஒரு நாட்டு பாராளுமன்றத்தோட சாதாரண வேலை, சட்டத்துல எந்த சமூகத்து பேரும் எழுதல. பேரு எழுதாமலே லட்சக்கணக்கான ஆளுங்கள துல்லியமா வெளிய தள்ளுன சட்டம் அது.

பெறகு நிறைவேற்றுத்துறை வந்துச்சு. 1964 அக்டோபர் 30 சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இங்க, 1,50,000 பேர பத்தி பெறகு பேசலாம். கொழுந்து நிறுக்கிற மாதிரி. அதுக்குள்ள எங்க தாத்தாவோட ரெண்டு அக்காமாரும் போயிட்டாங்க, தாத்தா இங்க நின்னுட்டாரு. 1972ல புது யாப்பு வந்தப்ப 29ஆம் பிரிவும் போச்சு.

திரும்ப குடுத்ததும் பாராளுமன்றந்தான், தவணை தவணையா, கடைசியா 2003ல 35ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30லருந்து நிரந்தரமா இங்க இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்களும் அவங்க பரம்பரையும் பிரஜைகள்னு. தாத்தாவுக்கு அப்ப 74 வயசு, பொறந்தது இதே தோட்டத்துல. அவரு முதல் தடவையா வாக்குப் போட்டது 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல்ல.